வாஷிங் மெஷினில் பாத்திரங்கள்

நாத்தனார் வருவதற்குச் சற்று முன்னால் என் கணவருக்கு ஞானோதயம் பிறந்தது. கழுவாத பாத்திரங்களை எங்கே ஒளிப்பது என்று சமையலறைக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தவர், வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்தார். குக்கர், வாணலி, எச்சில் தட்டுகள் எல்லாம் உள்ளே போயின. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, உலகத்தையே காப்பாற்றிய முகத்தோடு வந்து நின்றார். அந்த நேரத்தில் அவற்றைக் கழுவியே முடித்திருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் நான் கட்டிலில் கிடந்தேன்.

இதற்கு டாக்டர் டிப்ரஷன் என்று பெயர் சொல்கிறார். நாத்தனார் வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். பால் காய்கிற நேரத்தில் மட்டும்தான் என்னால் சுத்தம் செய்ய முடியும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கை எட்டுகிற வரைக்கும் மேடையைத் தேய்ப்பேன். பால் பொங்கியதும் துணி அப்படியே கிடக்கும். அதற்கே நான் படுகிற பாடு, வீட்டைத் துடைத்து அதைப் போட்டோ எடுத்துச் சொந்தபந்தம் பூராவுக்கும் அனுப்புகிற அந்த மகராசிக்கு எங்கே தெரியப்போகிறது?

அவள் சும்மா வரவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகளைத் தன் வீட்டோடு கூட்டிப்போக வருகிறாள். "நீ சரியாகுற வரைக்கும்" என்று போனில் சொல்லியிருந்தாள். நான் சரியாகிவிட்டேனா என்பதையும் அவள்தான் சொல்வாளாம். வீடு சுத்தமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள் என்பது என் கணவரின் கணக்கு.

வாசல் மணி அடித்ததும் நான் கட்டிலிலிருந்து சோபாவுக்கு மாறினேன். வந்தவள் உட்காரவில்லை. புதுக் கைப்பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜின் தலையை விரலால் தடவி, அந்த விரலை எனக்குக் காட்டினாள்.

"எங்களுக்கெல்லாம் இல்லாத மனசா உனக்கு மட்டும் இருக்கு? காலையில எழுந்து குளிச்சு நாலு வேலையப் பாத்தா எல்லாம் பறந்துடும்."

"சரி அண்ணி" என்றேன். அவளோடு வாதாடுகிற தெம்பு இருந்தால் ஒரு குக்கரைக் கழுவிவிடுவேன்.

பிறகு உதவி செய்கிறேன் பேர்வழி என்று நாற்காலியில் கிடந்த பள்ளிச் சீருடையை எடுத்துக்கொண்டு மெஷினிடம் போனாள். "அக்கா, டீ குடிச்சிட்டு..." என்று இழுத்தார் கணவர். அதோடு அவருடைய வீரம் முடிந்தது. மூடியைத் திறந்து துண்டை விலக்கியவள் அப்படியே நின்றாள்.

"பாத்திரத்த எவளாவது இதுக்குள்ள போடுவாளா? பாத்தியாடா, இவளுக்குப் புத்தியே கலங்கிப்போச்சு. பாப்பா, உன் பைய எடு. அத்தை கூட கிளம்பு."

'நான்தான் போட்டேன்' என்று அவர் சொல்லியிருந்தால் போதும். மனிதர் அணைந்திருந்த போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வெறுத்தேன். வாய் திறக்காமல் சோபாவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த என்னை அதைவிட வெறுத்தேன்.

"நான்தான் போட்டேன் அத்தை" என்றாள் மகள். அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இந்த வயசுலயே பொய்யா? இங்க வளந்தா வேற என்ன வரும்?"

 மகள் தொட்டியருகே ஸ்டூலை இழுத்துப்போட்டாள். குக்கரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினேன்.

"நீ வேணா போய்ப் படுத்துக்கோம்மா" என்றாள் மெதுவாக. "நான் பாத்துக்கறேன்."

 பாத்திரம் தேய்க்கும் நாரை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"பை எங்கடி இருக்கு?" என்று பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். நாத்தனார் இன்னும் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. தண்ணீர் குக்கரில் மோதி மேடையெல்லாம் தெறித்து, அவள் அங்கே வைத்திருந்த புதுக் கைப்பையின்மேல் வழிந்துகொண்டிருந்தது.