அறுவைக்கு முன் நான்கு வாரம்

லோகேஸ்வரிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, அவள் கணவர் சுகுமாரன் அவளை எந்த வேலையும் செய்ய விடவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நாள் முழுக்கச் சோபாவில் சாய்ந்து கிடந்தாள். அக்கம்பக்கத்தில் "சின்ன ஆப்பரேஷன்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அறுவைக்கு நான்கு வாரம் இருந்தபோது, மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் ஷர்மினியிடம் அவளை அனுப்பினார்கள். ஷர்மினி ஆறு நிமிடம் நடக்கச் சொன்னாள். நாலாவது நிமிடமே லோகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்காளிய ரெஸ்ட் எடுக்கத்தானே சொல்வாங்க? நீ என்னாம்மா நடக்கச் சொல்றே?" என்றார் சுகுமாரன்.

"ஆப்பரேஷன் ஒடம்ப ஒரு உலுக்கு உலுக்கிடும் அங்கிள். இப்ப சேர்த்து வைக்கிற பலம்தான் அப்புறம் ஆன்ட்டிய எழுப்பி விடும்."

தினமும் நடை, மூச்சுப் பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது, கூடுதலாக முட்டை, மீன் என்று ஷர்மினி பட்டியல் போட்டாள். பிறகு சுகுமாரனை வெளியே அனுப்பிவிட்டு, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தக் கற்றுக்கொடுத்தாள். லோகேஸ்வரி கூசிப்போனாள். இரண்டு பிள்ளை பெற்றதிலிருந்து, இருமினால் கசியும். யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

மறுநாள் காலை அடுக்குமாடியைச் சுற்றி நடந்தபோது அவள் அக்கா முறையில் 'காக்' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு சலேஹா எதிரே வந்தாள். "டயட்டா லோகேஸ்?" என்று மலாயில் கேட்டாள்.

"கேன்சர் காக். கர்ப்பப்பையில." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சலேஹா சந்தைக்கு எடுத்துப்போகும் பாசார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே மூன்று சுற்று நடந்தாள்.

இரண்டாம் வாரம் ரத்தம் நிறையப் போனது. சுகுமாரன் பதறிக்கொண்டு அவளை ஏற்றிக் காரை மருத்துவமனைக்கு ஓட்டினார். "நடந்ததால இல்ல, கட்டியால," என்றார் டாக்டர். ரத்தசோகைக்கு நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றி, இரண்டு நாள் கழித்து மெதுவாக நடக்கலாம் என்றார். அவள் மறுபடி செருப்பை மாட்டியதும் சுகுமாரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ மூச்சு வாங்குறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு லோகா."

"படுத்துக் கெடந்தாத்தாங்க எனக்குப் பயம். அப்பவே செத்துட்ட மாதிரி இருக்கு."

சுகுமாரன் தன் காலணியைத் தேடினார்.

அறுவை முடிந்த மறுநாள் தாதிகள் அவளை உட்கார வைத்தபோது வலியில் அழுதுவிட்டாள். அடுத்த நாள் கழிப்பறை வரை நடந்தாள், சுகுமாரன் தோளைப் பிடித்துக்கொண்டு. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனை முடிவைச் சொன்னார்கள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். வெளியே வந்ததும் சுகுமாரன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கயே இருங்க. குடிக்க ஏதாவது வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, லோகேஸ்வரி கேன்டீன் பக்கம் மெதுவாக நடந்தாள்.