பத்துப் பேருக்கு ஒரு பாட்டில்

மருதுபாண்டி வீட்டு அடுப்பு எரிந்து மூன்று நாளாயிற்று. அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, சிலிண்டரும் புதிதாக மாட்டியதுதான். வெள்ளையம்மாள்தான் பற்றவைக்க மாட்டேன் என்று முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைய ஊசிக்கு விடுங்க. உலை வைக்கிறேன்."

"போடாதேன்னா சொன்னேன்? பொறுன்னுதான் சொல்றேன். மொதல்ல கீழத்தெருக்காரங்க போட்டுக்கிறட்டும். ஒரு பதினஞ்சு நாள் பாப்போம்."

"என்னத்தப் பாக்கப் போறீக?"

"உசுரோட நடமாடுறாங்களான்னு."

"அதுக்குள்ள எனக்கு இழுப்பு வந்தா?"

மருதுபாண்டி கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். கடலாடிக் கடைப் புரோட்டா. மூன்று நாளாக அதே புரோட்டா. அவருக்கு ஏற்கெனவே வயிறு காந்திக்கொண்டிருந்தது.

வெள்ளையம்மாளுக்கு இழுப்பு நோய் பழசு. பயம்தான் புதுசு. வைகாசியில் அவள் தம்பிக்குக் காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஜிப் வைத்த பையில் திரும்பி வந்தான். அக்கா வந்திருக்கிறாள் என்று முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை. தம்பிக்கு நோய்நொடி எதுவும் கிடையாது. அவனுக்கே இந்தக் கதி என்றால், ராத்திரி தலையணையை மூன்றாக அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கும் தனக்கு? அடுத்த பை யாருக்கு என்று அவள் யோசிக்கவே தேவையில்லை.

மருதுபாண்டி, பொட்டலேந்தலின் ஊர்த்தலைவர்; பெரியதனம் என்பார்கள். கண்மாய் மடை திறந்தால் முதல் தண்ணீர் அவர் வயலுக்கு. ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்தால் முதல் பாக்கெட் அவர் வீட்டுக்கு. பங்குனிப் பொங்கலன்று காளியம்மன் கோயிலில் தலையில் பரிவட்டம் கட்டி முதல் திருநீறு அவருக்கு. அதில் இம்மி பிசகினாலும் அந்த வருடம் கோயில் தேங்காயோடு சேர்த்து மண்டைகளும் உடையும். ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, "நம்ம ஊர்ல இத எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. உலகத்துக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று மார்தட்டிக்கொண்டவர் அவர்.

முதல் என்ற சொல்லுக்கே பட்டா வாங்கி வைத்திருந்த இப்பேர்ப்பட்டவர், தடுப்பூசி என்றதும் ஒரே நாளில் மகானாகிவிட்டார். "எல்லாத்தையும் நாமளே மொதல்ல அனுபவிச்சா எப்படி? அவங்களும் மனுசங்கதானே. இத மொதல்ல அவங்களுக்குக் குடுங்க" என்று ஆலமரத்தடியில் சொன்னார். மேலத்தெருவே நெகிழ்ந்து தலையாட்டியது. சமத்துவம் பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்கள் ஐம்பது வருடத்தில் சாதிக்காததை, இன்னும் பெட்டியை விட்டே வெளியில் வராத ஊசி சாதித்துவிட்டது.

அந்தத் தாராளம் கீழத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் நெகிழவில்லை. கலவரப்பட்டார்கள்.

"நம்ம தெருவுக்கு மொதல்ல வந்தது எது, ஒண்ணு சொல்லு பாப்போம்" என்றார் கூத்தையா. அவர் பரமக்குடியில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவர்.

பக்கத்து வீட்டு அருள்முருகன் யோசித்தான். "வெள்ளம் வந்துச்சு. மொதல்ல நமக்குத்தான்."

"அப்புறம்?"

"போலீசு."

"அம்புட்டுத்தான். இப்ப ஊசி வருது. தானா நம்ம பக்கம் தள்ளிவிடுற மூட்டையில அடியில மண்ணு இருக்கும்லே. முப்பது வருசமாத் தூக்குறேன், எனக்குத் தெரியாதா?"

கூத்தையாவின் மனைவி இராமலட்சுமி அரிவாள்மணையில் மீனை அரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊசியில மண்ணு இல்ல. பெரியதனத்து மனசுலதான் இருக்கு" என்றாள்.

சந்தையில் பழகியவர்களுக்குத் தெரியும்: விற்கிறவன் வாயில் போடாத பண்டத்தை வாங்குகிறவன் கையாலும் தொடமாட்டான். பொட்டலேந்தலில் விற்கிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை. நீ முதலில் ருசி பார், நீ முதலில் ருசி பார் என்று இரண்டு தெருவும் ஒன்றையொன்று உபசரித்துக்கொண்டு நின்றன. நடுவில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே இரண்டு தடவை திரும்பிப் போனாள் நர்ஸ் நாகஜோதி.

மூன்றாம் தடவை வந்தவள் மருதுபாண்டி வீட்டு முற்றத்திலேயே பெட்டியை இறக்கினாள்.

"அய்யா, கணக்கச் சொல்லிருறேன். ஒரு பாட்டில்ல பத்துப் பேருக்கு மருந்து. தொறந்தா நாலு மணி நேரத்துல காலி பண்ணணும். மேலத்தெருவுல சம்மதிச்சவங்க உங்க வீட்டம்மாவையும் பூசாரியையும் சேத்து நாலு பேரு. இந்த நாலு பேருக்காகத் தொறந்தா மிச்சத்தக் கொட்டணும். எனக்கு மெமோ வரும்."

"கீழத்தெருவுல?"

"அஞ்சு பேரு. அதுவும் இராமலட்சுமி சொன்னா வருவாங்களாம். இல்லன்னா இல்ல."

வெள்ளையம்மாள் தூணில் சாய்ந்தபடியே கணவனைப் பார்த்தாள். அவள் நெஞ்சிலிருந்து பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நேற்று ராத்திரி அது தொடங்கியது. மருதுபாண்டிக்கு அது கேட்காமல் இல்லை. பெரியதனம் என்றாலும் புருஷன்தானே.

"அந்தப் புள்ளையக் கூப்பிட்டு விடுங்க" என்றார்.

இராமலட்சுமி வழக்கம்போலக் கொல்லைப்புறமாக வந்து முருங்கை மரத்தடியில் நின்றாள். மருதுபாண்டியும் நாகஜோதியும் பின்வாசலுக்கு வந்தார்கள். பெரியதனத்து மிளகாய்க் கொல்லையில் இருபது வருடமாகப் பழம் பறிக்கிறவள். இந்த வீட்டின் வாசல்படி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

"ஏ புள்ள, உங்க தெருவுக்கு மொதல்ல ஊசி போடச் சொல்லிட்டேன். கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டோம்யா. சந்தோசம். மொதல்லன்னா அதுக்குரிய மொறையோட செய்யணும்ல? மேளம் சொல்லியாச்சுங்களா?"

"மேளமா?"

"மாலை, பரிவட்டம். மொதல் மருவாதின்னா அதெல்லாம் உண்டுல்ல. அய்யாவுக்குச் செய்யுறப்ப ஓரமா நின்னு வருசாவருசம் பாக்குறோமே."

மருதுபாண்டிக்குப் புரோட்டா தொண்டை வரை வந்துவிட்டுப் போனது. "ஊசிக்கு யாராவது பரிவட்டம் கட்டுவாங்களா?"

"அதுவும் சரிதான். பரிவட்டம் வேணாம், விடுங்க."

"மேளமும் கெடையாது."

"சரி, மேளமும் வேணாம். ஊரே பயந்து கெடக்கு, மேளத்த வச்சு என்ன செய்ய? மாலை?"

"மாலையும் கெடையாது."

இராமலட்சுமி மூன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் பாவமாக நின்றாள். மூன்று இறங்கியவளுக்கு நாம் ஒன்றுகூட இறங்காவிட்டால் நன்றாயிருக்காதே என்று எதிராளியை நினைக்க வைக்கிற நிற்பு அது. கமிஷன் கடைக்காரர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியது.

"அப்ப ஒக்காரவாவது ஒரு எடம் குடுங்க அய்யா. பள்ளிக்கூடம் இடிஞ்சு கெடக்கு. கோயில் மண்டபத்துல நெழல் இருக்கு, காத்தாடி இருக்கு. ஊசி போட்டு அரைமணி நேரம் ஒக்காரணுமாம்ல. ஏதாவது ஆச்சுன்னாக்கூட ஆத்தா பாத்துக்கிருவா."

மண்டபம் என்ற சொல் மருதுபாண்டி காதில் விழுந்ததும் புருவம் ஏறியது. அந்தப் படியில் கீழத்தெருக் கால் பட்டதில்லை. சட்டம் எப்போதோ ஏறச் சொல்லிவிட்டது. சட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஏறத்தான் ஆளில்லை. ஆனால் அவள் கடைசியாகச் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது. எவனாவது விழுந்து தொலைத்தால் பழி ஆத்தா தலையில் போகும், தன் தலையில் விழாது.

உள்ளேயிருந்து அந்தப் பூனைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"சரி. அரைமணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

"இன்னொண்ணு" என்றாள் இராமலட்சுமி. "நாலும் அஞ்சும் ஒம்பதுதான் ஆகுது. பத்தாவது ஆளு அய்யாதான். எங்களுக்குப் போடுற அதே பாட்டில்லருந்து."

"ஒரே பாட்டில்லயா?" என்று நாகஜோதி பக்கம் திரும்பினார். "நர்சம்மா, ரெண்டு பாட்டில் இல்லையா? அவங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு?"

"ஊசி ஆளுக்கு ஒண்ணு புதுசு அய்யா. மருந்து ஒண்ணுதான். பாட்டிலுக்கு மேலத்தெரு, கீழத்தெரு தெரியாது."

"மேல இருக்குற மருந்த எங்களுக்குன்னு ஒதுக்கி..."

"மருந்தெடுக்குறப்ப பாட்டிலத் தலைகீழாக் கவுத்துத்தான் எடுப்பேன் அய்யா. மேல எது, கீழ எதுன்னு நீங்களே பிரிச்சுக்கங்க."

உள்ளே வெள்ளையம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆனது. அது அடங்குவதற்குள் மருதுபாண்டி சம்மதித்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம், கீழத்தெருவிலிருந்து ஐந்து பேர் குளித்து, வெளுத்த உடுப்பு உடுத்தி, மண்டபத்துப் படியேறினார்கள். கூத்தையா மூட்டை சுமக்கிற பழக்கத்தில் குனிந்தே ஏறினார். இராமலட்சுமி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி வைத்து ஏறினாள். மேலத்தெருக்காரர்கள் கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கூடி நின்று பார்த்தார்கள். தீட்டு என்று சொல்ல நாலைந்து பேருக்கு வாய் துடித்தது. சொன்னால், அப்படியானால் நீயே முதலில் போட்டுக்கொள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டார்கள்.

முதல் ஊசி கூத்தையாவுக்கு. மருதுபாண்டி அவர் முகத்தையே பார்த்தார். அரிசி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அப்படி ஒரு பார்வை.

"எப்படிய்யா இருக்கு?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்குங்க."

"நல்ல எறும்பா, கட்டெறும்பா?"

கூத்தையா பதில் சொல்வதற்குள் வெள்ளையம்மாள் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள். வரிசைப்படி அவளுக்கு ஆறாம் இடம். "பதினஞ்சு நாளு, பதினஞ்சு நிமிசம் எதுவும் எனக்கு வேணாம். போடு தாயி" என்றாள். ஊசி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். தம்பியை நினைத்திருப்பாள்.

பத்தாவதாக மருதுபாண்டி. ஊசி குத்துவதற்கு முன்பே "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

பத்துப் பேரும் மண்டபத்தில் ஒரே காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். அரைமணி நேரம் போனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மருதுபாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நேரமாச்சு. கீழத்தெரு ஆளுக எறங்கலாம்."

நான்கு பேர் இராமலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் பாதி எழுந்தாள், தூணைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"தலை சுத்துதுங்க அய்யா."

மருதுபாண்டி கடிகாரத்தை மறந்தார். "தலையா?"

"கிறுகிறுன்னு வருது."

"எனக்குந்தான்" என்றார் கூத்தையா. "எனக்கும்" என்றான் அருள்முருகன். மற்ற இருவரும் வாயைத் திறக்காமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாகஜோதி நாடி பிடித்துப் பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். இராமலட்சுமியின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு மிகவும் கண்டிப்பான குரலில் சொன்னாள்: "தலைசுத்தல்னு சொல்றவங்கள எந்திரிக்க விடக்கூடாது அய்யா. அப்படித்தான் எங்களுக்கு உத்தரவு. சரியாகுற வரைக்கும் இங்கனதான் இருக்கணும்."

மருதுபாண்டிக்கு அந்த உத்தரவு காதில் ஏறவில்லை. அவர் மனம் பாட்டிலிலேயே நின்றுவிட்டது. அதே மருந்து. அவளுக்குச் சுற்றினால் தனக்கும் சுற்றியாக வேண்டுமே. நினைக்க நினைக்க மண்டபத்துத் தூண்கள் லேசாக நகர்வதுபோல் இருந்தன.

"சோடா குடிச்சா நிக்குமா நர்சம்மா?"

"குடிக்கட்டும். நல்லதுதான்."

பெரியதனம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே கடைக்கு ஓடினார். எவனையாவது அனுப்பியிருக்கலாம். உயிர்ப் பயத்தில் ஆளை ஏவும் வழக்கம் மறந்துபோனது.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பூசாரி காளீஸ்வரனுக்கு ஊசி போட்ட கை கனத்தது; ஆனாலும் பூசை நேரம் தப்பக்கூடாதே. எழுந்துபோய் ஆத்தாளுக்குச் சூடம் காட்டிவிட்டுத் தட்டோடு வெளியே வந்தவர், பெரியதனம் உட்காரும் இடத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். இடம் காலி. தட்டில் சூடம் குறைந்துகொண்டே வந்தது.

"என்ன காளீஸ்வரா, நிக்கிற?" என்றாள் வெள்ளையம்மாள்.

"பெரியதனத்தக் காணமே."

"அவரு சோடா வாங்கப் போயிருக்காரு. சூடம் அமந்துறப் போகுது. முன்னாடி ஒக்காந்திருக்குறவங்களுக்குக் காட்டு."

முன்னால் உட்கார்ந்திருந்தது இராமலட்சுமி. பூசாரி ஒரு தடவை வேப்பமரத்தடியைப் பார்த்தார், ஒரு தடவை பெரியதனத்து மனைவியைப் பார்த்தார், பிறகு தட்டை நீட்டினார். இராமலட்சுமி இரண்டு கையாலும் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திருநீற்றை எடுத்து நெற்றியில் அவசரமில்லாமல் பூசினாள்.

சோடாவோடு படியேறிய மருதுபாண்டி கண்டது அந்த நெற்றியைத்தான். தட்டு அப்போது கூத்தையாவிடம் இருந்தது.

அவர் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இராமலட்சுமிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். தெரியும்ல?"

"அதெப்படி அய்யா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள் இராமலட்சுமி. "ஒரு ஊசி போட்டா நோய் முழுசா நிக்காதாம்ல. ரெண்டாவது ஊசி இருக்கு. என்ன சிஸ்டர்?"

"ஆமா" என்றாள் நாகஜோதி, ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டே. "இதே பத்துப் பேரும் வரணும். எடமும் இதே எடம்னா எனக்கும் சௌகரியம்."

மருதுபாண்டி சோடாவைப் பிடித்தபடி நின்றார். வெள்ளையம்மாள் நகர்ந்து இராமலட்சுமிக்குப் பக்கத்தில் தரையில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் இப்பத்தான் கிறுகிறுங்குது" என்றாள். "ஏன் நிக்கிறீக? அவ கையில குடுங்க, கேஸ் போயிரும்."