தம்பியின் சர்வரும் அக்காவின் கட்டங்களும்

கார் வந்து நின்ற வேகத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே என்னவோ நடந்திருக்கிறது என்று. ஸ்டியரிங் பக்கத்திலிருந்து பல் டாக்டரம்மா இறங்கினார். பின் கதவைத் திறந்துகொண்டு, அடுத்து ஓட்டவேண்டிய அவருடைய கணவர், கணக்கு வாத்தியார், இறங்கினார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து, வேறு வழியில்லாமல் ஒரே கேட்டில் வெளியே போய், போன பிறகு மறுபடியும் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பினார்கள். இத்தனைக்கும் அவர்கள் வீடு ஒரு பக்கத்தில்தான் இருந்தது.

கடைசியாக மாஸ்டர் இறங்கினார். டிரைவிங் ஸ்கூலின் முதலாளி, சொல்லிக்கொடுப்பவர், காரைக் கழுவுபவர் எல்லாம் அவர்தான். அக்காவின் கணவர். ஆபீசுக்குள் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாருன்னு பின்னாடியிலேர்ந்து அந்த மனுஷன் ஒரே பாட்டு. சிக்னல்ல அந்தம்மா வண்டிய நிறுத்திட்டு, நிதானமாத் திரும்பி, 'நான் வாயத் திறங்கன்னு சொல்றப்ப மட்டும் நீங்க திறந்தா போதும்'னுச்சு. பச்சை விழுந்து மறுபடி சிவப்பும் விழுந்தாச்சு. நான் எதுக்கு நடுவுல போகணும்னு வெளிய வேடிக்கை பார்த்துட்டு இருந்தேன்."

"அவங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில யாருங்க போட்டது?" என்றாள் அக்கா.

இருவரும் மூலை மேசையைப் பார்த்தார்கள். லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து அவளுடைய தம்பியின் தலை மெல்ல எழுந்தது.

"ஒரே வீடு, ஒரே வழி. கூட்டிட்டு வர்ற பெட்ரோல் மிச்சம். புரோகிராம் சரியாத்தான் போட்டிருக்கு."

"பெட்ரோல் மிச்சந்தான் மாப்ள," என்றார் மாஸ்டர். "குடும்பம் மிஞ்சுமான்னு அதுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

அந்த ஸ்கூலில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிப் பழக வருகிறவர், தனக்கு முந்தைய ஆளின் வகுப்பில் பின் சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும். தனக்கு விழும் திட்டு காதில் ஏறாது, அடுத்தவருக்கு விழும் திட்டுதான் ஏறும் என்பது மாஸ்டரின் கொள்கை. பலன் இருந்தது. ஆனால் யாருக்குப் பின்னால் யாரை உட்கார வைப்பது என்பது பெரிய ராஜதந்திரம். கணவன் மனைவி கூடாது. மாமியார் மருமகள் கூடவே கூடாது. ஒரே ஆபீசில் மேலதிகாரியும் கீழே வேலை செய்பவரும் வந்தால், அதிகாரி கியரைத் தப்பாகப் போடும்போது மற்றவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். அதை அதிகாரி கண்ணாடியில் பார்த்துவிட்டால் அப்புறம் கீழே இருப்பவருக்கு வேலையே போய்விடும். இந்த விதிகள் எல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தன. அதனால் அவளால் ஒரு நாள்கூட ஆபீசை விட்டு நகர முடிந்ததில்லை. காய்ச்சலில் படுத்திருந்த போதும் போர்வைக்குள்ளிருந்து போனில் ஆட்களை மாற்றிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் என்ன என்று அவள் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அதற்கு முன்னால் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு பெரிய கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு காலை வேளையில் அவனுடைய குழுவையே கலைத்துவிட்டார்கள். ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவன், பெட்டியைத் திறக்காமலேயே மாதக்கணக்கில் இருந்தான். தாடி வளர்ந்தது. எழுந்திருப்பது மதியமானது. யாராவது வேலை பற்றிப் பேசினால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணீர்தான் ஒரு மனிதன் குடிப்பான். அன்று சாப்பாட்டில் அக்கா கேட்டதும் அவன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "நான் எழுதித் தரேன்கா. கிளவுட்ல போட்டுடலாம்," என்றான். மறுநாள் காலையில் தாடி இல்லை. அவனுக்கு இப்படி ஒரு முகவாய் இருப்பதே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது.

சிக்கல் என்னவென்றால், அக்கா அதற்குள் தானாகவே ஒன்றைத் தொடங்கியிருந்தாள். லோ-கோட் என்று ஒரு வகை இருப்பதை எங்கோ படித்து, இணையத்தில் பாடம் பார்த்து, மதிய நேரங்களில் பழகிக்கொண்டிருந்தாள். கோட் என்று எதையும் எழுதவேண்டாம். திரையில் கட்டங்களை இழுத்து வைத்து, ஒன்றுக்கொன்று அம்புக்குறி போட்டால் ஒரு ஆப் தயாராகிவிடும்.

மாஸ்டருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. தம்பி விளக்கினான். "மாமா, கிளவுட் ஹோஸ்டிங்னா எங்கயோ இருக்கற ஒரு கம்ப்யூட்டர்ல வாடகைக்கு இடம் எடுக்கறோம். காலி மனை மாதிரி. நமக்குப் புடிச்ச மாதிரி வீடு நாமளே கட்டிக்கலாம். அக்கா சொல்றது கட்டில் பீரோ எல்லாம் போட்ட வாடகை வீடு. ஆனா செவுத்துல ஆணி அடிக்க முடியாது."

"காலி மனையில தண்ணிக் குழாய் ஒடைஞ்சா யாரு பார்ப்பா?" என்றார் மாஸ்டர்.

"நான்தான்."

"அப்ப வாடகை வீட்ல?"

"வீட்டுக்காரன். அவன் நினைச்சா பார்ப்பான்," என்றான் தம்பி.

கடைசியில் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: காலை வகுப்புகளைத் தம்பியின் புரோகிராம் பார்த்துக்கொள்ளட்டும், மாலை வகுப்புகளை அக்காவின் ஆப். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எது வேண்டுமோ அதை அக்கா முடிவு செய்யட்டும்.

பல் டாக்டரம்மா கதை காலையில் நடந்தது என்றால், மாலைக் கதை அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அக்கா ஒரு அம்புக்குறியைத் தப்பான கட்டத்தில் இணைத்துவிட்டாள். பின் சீட்டு முடித்தவரை முன் சீட்டுக்கு அனுப்ப வேண்டிய அம்பு, மறுபடி பின் சீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, மாலை வகுப்பு முடிந்து கார் வந்து நின்றபோது பின் சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டியரிங்கில் மாஸ்டர்.

"ஊர்வலம் நல்லா இருந்துச்சு. ஓட்டறதுக்குத்தான் ஆள் இல்ல," என்றார்.

தம்பி சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆப்பைத் திறந்து, அம்பைப் பிடித்து இழுத்து, சரியான கட்டத்தில் விட்டாள். அவளுக்கு வைத்த டீ அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

ஆனால் பல் டாக்டரம்மா வந்துபோன அன்று, கணவன் மனைவி விதியைத் தம்பி சேர்ப்பதற்கு மாலையாகிவிட்டது. எழுதினான், சோதித்தான், வாடகைக்கு எடுத்த அந்தக் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், ஏற்றினான், அது ஏதோ கேட்டு அடம்பிடித்தது, அதைச் சமாதானப்படுத்தினான். முடித்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிச் சோம்பல் முறித்தான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அக்கா பார்த்தாள். வேலை முடிந்த களைப்பின் வெளிச்சம் அது. போதாததற்கு மாஸ்டர் வாராவாரம் ஒரு புது விதி கொண்டுவந்தார். மழை நாளில் புதிய ஆள் கூடாது. டெஸ்டில் தோற்றவருக்கு அடுத்த வகுப்பு அதே தெருவில்தான். ஒவ்வொன்றுக்கும் தம்பி தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆசையாக எழுதினான். அவனுடையது வேகமாகவும் ஓடியது, பார்க்கவும் அழகாக இருந்தது. அக்கா முடிவு செய்துவிட்டாள். தன்னுடைய கட்டங்கள் போகட்டும். கைக்கு வந்த வித்தை எங்கும் ஓடிப்போகாது. இவன் காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வருகிறானே, அது போதும். சர்வருக்கு எத்தனை வாடகை கேட்டாலும் கொடுக்கலாம்.

அதைச் சொல்வதற்காகத்தான் அன்று ஆபீஸ் பின்பக்கம் போனாள். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"வேலைக்குக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி சார். ஆனா இப்போதைக்கு என்னால ஊரை விட்டு வர முடியாது. இங்க ஒரு சிஸ்டம் என்னை நம்பி ஓடிட்டிருக்கு. நான் இல்லன்னா பார்த்துக்க ஆள் கிடையாது."

அக்கா வந்த வழியே திரும்பினாள். முதலில் பெருமையாக இருந்தது. ஆபீஸ் வாசலை எட்டுவதற்குள் அந்தப் பெருமை கரைந்துவிட்டது. அவனை எழுப்பி உட்காரவைத்த அதே வேலை, இப்போது அவனை உட்கார்ந்த இடத்திலேயே கட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கும் மாஸ்டருக்கு விதி உதிக்கும். இவன் எழுதுவான். தாடி மட்டும்தான் இருக்காது.

அந்த வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. ஆபீசும் வீடும் ஒன்று. சுவருக்குச் சுவர் காது. ஆகவே மதிய இடைவேளையில் அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் அவள் மாஸ்டர் சீட்டில் உட்கார, அவன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் தப்பு செய்தவர் மாதிரி ஆகிவிடுவார்கள்.

"நான் என்னோடதையே வெச்சுக்கறேன்டா."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "என்னுது சரியில்லையா?"

"நல்லா இருக்கு. என்னுதை விட நூறு மடங்கு நல்லா இருக்கு."

"அப்புறம்?"

"அதுக்குப் பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கணும்."

"இருக்கேனே."

"அதாண்டா வேண்டாங்கறேன்."

எதிரே சுவரில் ஒரு பல்லி நகர்ந்துகொண்டிருந்தது. அது ஜன்னல் விளிம்பில் போய்ச் சேரும் வரை இருவரும் பார்த்தார்கள்.

"போன் பேசினதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"ஒட்டுக் கேக்கறது தப்பு."

"உன் குரலுக்கு ஒட்டுக் கேக்க வேற வேணுமா. தெருவுக்கே கேட்டிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "மறுபடி போய், மறுபடி ஒரு நாள் காலைல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, நாளைலேர்ந்து வராதீங்கன்னு சொன்னா?" என்றான். இத்தனை மாதத்தில் அதைப் பற்றி அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று அக்காவால் சொல்ல முடியுமா? "சொன்னா வா. பெட்டி வைக்க இடம் இருக்கு," என்றாள். "ஆனா என் ஸ்கூலைக் காரணம் காட்டி இங்க இருக்காத. உனக்கு இருக்கணும்னு தோணிச்சுன்னா சும்மா இரு. நான் சோறு போடறேன். என் பேரைச் சொல்லி இருக்காத."

அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனான். அன்று அவளோடு பேசவில்லை. சாப்பிடும்போது உப்பைக்கூட மாஸ்டர் வழியாகத்தான் கேட்டான். "மாப்ள உப்பு கேக்கறார்," என்று மாஸ்டர் சொல்ல, "இந்தாங்கன்னு சொல்லுங்க," என்று அவள் கொடுக்க, மாஸ்டருக்குச் சாப்பிடவே நேரம் இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை அக்கா ஆபீசுக்குள் வந்தபோது, அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். முகம் உர்ரென்றிருந்தது.

"உக்காரு. உன் ஆப்பைத் திற. இதுல ஒரு ஆளோட பேரை யாரெல்லாம் அழிக்கலாம்னு வெச்சிருக்க?"

"யார் வேணா அழிக்கலாம்."

"மாமாவுமா?"

இருவரும் ஜன்னல் வழியாக மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் போனைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் எதையோ ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார்.

"முதல்ல அதை எடுத்துடறேன்," என்றாள் அக்கா.

அன்று முழுக்க அப்படித்தான் போனது. எந்தக் கட்டம் எங்கே உடையும் என்று அவன் தேடித் தேடிக் கேள்வி கேட்டான். அவள் ஒவ்வொன்றாக அடைத்தாள். தம்பி மட்டும் மவுசைத் தொடவே இல்லை. கை பரபரத்தபோதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "வாராவாரம் எல்லா விவரமும் ஒரு காப்பி உன் கம்ப்யூட்டருக்கு வந்துடணும். அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கே வாடகைய ஏத்தினா, சாமானைத் தூக்கிட்டு வெளிய வரத் தெரியணும் உனக்கு," என்றான். அதைச் செய்வது எப்படி என்று அவள் தானாகவே தேடிக் கண்டுபிடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றது அதுவே முதல் முறையாக இருக்கும்.

சாயங்காலம் தன் சர்வரை நிறுத்தினான். திரையில் ஒரு கேள்வி வந்தது: நிச்சயமாகவா? அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆமாம் என்பதை அழுத்தினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பின்பக்கம் போனான். இந்த முறை அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. திரும்பி வந்து, "அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்காம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அவன் கிளம்பிய காலையில் மாஸ்டர் ஒரு வேலை செய்தார். எப்படியும் பஸ் நிலையம் போகவேண்டும், எதற்கு ஒரு வகுப்பை வீணாக்குவது என்று, அன்றைக்கு முதல் ஆளாக வரவிருந்த தையல்காரம்மாவையே ஓட்டச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கிளட்சைக் கண்டால் கும்பிடு போடுகிறவர். தம்பி பெட்டியோடு பின்னால் ஏறினான்.

"மாமா, பஸ்ஸு எட்டரைக்கு. இன்னைக்கு எட்டரைக்கு."

"பேசாம உக்காரு மாப்ள. பாவம், அவங்க பயந்துக்கப் போறாங்க."

அக்கா கேட்டில் நின்றாள். கார் கிளம்பியது. அவள் கையசைத்தாள். தம்பி பின் கண்ணாடி வழியாகக் கையசைத்தான். கண் கலங்கப் போகிறது என்று அவளுக்குத் தோன்றிய நேரம், கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இருவரும் கையை இறக்கினார்கள். மறுபடி கார் உறுமியது, மறுபடி கையசைத்தார்கள். நாலு வீடு தள்ளியிருந்த அந்த அம்மாளின் தையற்கடை போர்டு வரைகூடப் போகவில்லை, மறுபடி நின்றது. தம்பி நெற்றியில் அடித்துக்கொள்வது தெரிந்தது. உள்ளே மாஸ்டரின் கை எதையோ பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பால் வேனும் இரண்டு ஸ்கூட்டர்களும் ஹாரன் அடிக்காமல் தள்ளி நின்றன. கார் மூன்றாவது முறையாக ஒரு துள்ளுத் துள்ளி நகர்ந்தபோது தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கையை மட்டும் தூக்கவில்லை, எதற்கும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்பது போல. அக்கா மட்டும் தூக்கிய கையை இறக்காமல் நின்றாள். தெருமுனையில் இடது விளக்கு மினுங்கத் தொடங்கியது. கார் திரும்பாமல் மினுங்கிக்கொண்டே நின்றது.