ஐந்தாம் வாரத்தைத் தாண்டிய முயல்கள்

“எண்ணெய் விட்டு வளக்க இது என்ன முயலா, தையல் மிஷினா?”

“நீ நல்லா சிரிண்ணே. நான் அப்புறமா சிரிச்சுக்கிறேன்.”

“இந்த ஈத்தும் செத்துதுன்னா கூண்டையெல்லாம் பிரிச்சுட்டு கொட்டகையில டயர் அடுக்கிடுவேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிட்டு நிக்காதே.”

அண்ணன் சொன்னால் செய்துவிடுவான். தெருவே முயல்காரி என்று கூப்பிடும் தங்கைக்கு அது தெரியும். கிலோ தீவனத்துக்கு இருபது மில்லி ஆளிவிதை எண்ணெயை அளந்து ஊற்றி, முழங்கை வரை மினுமினுக்கப் பிசைந்தாள். தாய்ப்பால் மறந்த குட்டிகளை ஐந்தாம் வாரம்தான் கொண்டுபோகும். காலையில் துள்ளியது மாலையில் வயிறு உப்பி விறைத்துக் கிடக்கும். ஒரே வருடத்தில் மூன்று ஈற்று அப்படித்தான் போயிற்று. அண்ணன் கேலியில் அண்ணி மட்டும் சேரவில்லை. அவளுக்கு இது ஆறாம் மாதம். முன்பு இரண்டு முறையும் ஏழாம் மாதத்தில்தான் பிள்ளை தங்காமல் போயிருந்தது.

குட்டிகளுக்கு இருபத்தெட்டாம் நாள், வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு, தராசுத் தட்டைத் துடைக்க முயல்காரி முதுகைத் திருப்பினாள். திரும்பிப் பார்த்தபோது, எண்ணெய்த் தீவனம் தின்ற மேல் கூண்டின் ஒன்பது குட்டிகளுக்கும் முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. அறுநூறு கிராம் இருந்தவை எண்ணூற்றைம்பதைத் தொட்டன. பீப்பாயில் ஒரு வாரத் தீவனம் குறைந்திருந்தது. அடித்தட்டில் ஒரு வாரப் புழுக்கை குவிந்திருந்தது. கணக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த வாரம் மட்டும் கூண்டுக்குள் வரவில்லை. வெறும் தீவனம் தின்ற கீழ்க் கூண்டுக் குட்டிகள் அதே இருபத்தெட்டு நாளில் நின்று, மேலே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

“அண்ணே! தாண்டிடுச்சுண்ணே!” கொலுசும் வாளியும் சேர்ந்து அதிர அவள் ஓடினாள். கால்நடை மருத்துவர் வந்து பல்லைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், சீட்டில் “வயது முப்பத்தைந்து நாள்” என்று எழுதிவிட்டு, டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். கீழ்க் கூண்டுக்கும் எண்ணெய் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் தும்மிக் கண்ணைத் திறப்பதற்குள் அவையும் தாண்டிவிட்டன. டயர் வண்டியைத் திருப்பி அனுப்பிய அண்ணன், வாயில் ஆணிகளைக் கவ்வியபடி புதுக் கூண்டு அடிக்கத் தொடங்கினான். தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எண்ணெய்ப் புட்டி என்ன விலை என்றுதான் விசாரித்தார்கள்.

திங்கட்கிழமை அவள் தீவனம் பிசைந்துகொண்டிருந்தபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணி கொட்டகைக்குள் வந்தாள். குதிக்கும் பதினெட்டையும் ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு முந்தானை மறைவிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டினாள்.

“முயல்காரி, நாளைக்கு எனக்கு ஏழாம் மாசம் பொறக்குது. உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே. இதுல ஒரே ஒரு சொட்டு விடேன்.”