யோகராணியின் கைப்பை மலையடியில் இருக்கிறது

1

இந்தக் கதை எனக்கு ஒஸ்லோ நகரின் குறொன்லாண்டில், ஒரு தமிழ்க் கடையின் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் கிடைத்தது. தெரிந்த பெண்ணொருவர் முழங்கையில் ஒட்டிய பிளாஸ்டரோடு நின்றார். என்ன நடந்தது என்று ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும்போது நான் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன். அதற்கு வீட்டில் ஏச்சு விழுந்தது தனிக்கதை.

"எழுதட்டோ?" என்றேன்.

"எழுதுங்கோ அண்ணை. விழுந்தனான் எண்டும் எழுதுங்கோ, எனக்கொரு வெக்கமும் இல்லை. ஆனா கடைசியில நான் மற்றாக்களின்ர பாக் பாத்துக்கொண்டு இருந்தனான் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ."

அவருக்கு யோகராணி என்று பெயர் வைக்கிறேன். சொந்தப் பெயரைப் போட்டால் நம்மாட்கள் வாழும் ரொம்மனில் பாதிப்பேர் அடையாளம் கண்டுவிடுவார்கள். கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

மலையைக் கண்டதும் யோகராணிக்கு யாழ்ப்பாணத்து –

(யாழ்ப்பாணத்தில் மலை ஏது? அடித்துவிட்டேன்.)

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு –

(நடந்தது ஜூலையில். புலம்பெயர்ந்தோர் கதை என்று உட்கார்ந்தால் என் பேனா தன்பாட்டில் பனிக்கும் கண்ணீருக்கும் போய்விடுகிறது. இதில் இரண்டும் இல்லை. வெயில் அடித்தது. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.)

மூன்றாவது நிற்கட்டும்:

2006ஆம் ஆண்டுக் கோடையில், ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பனிச்சறுக்கு மலை பச்சைப் பசேலென்று கிடந்தது. குளிர்காலத்தில் சறுக்குபவர்களை மேலே கொண்டுபோகும் கம்பிவட நாற்காலிகள் இப்போது சைக்கிள்களையும் கொளுவிக்கொண்டு ஏறின. ஏறியவர்கள் மரங்களுக்கிடையே வெட்டிய மண்பாதைகளில் உருண்டு, சேறும் சிரிப்புமாகக் கீழே வந்தார்கள். யோகராணி வேலைசெய்யும் முதியோர் இல்லம் தன் ஆட்களைக் கோடைச் சுற்றுலாவுக்கு அங்கேதான் கூட்டிவந்திருந்தது.

3

யோகராணிக்கு இந்தச் சுற்றுலாக்களில் நிரந்தரமான ஒரு வேலை இருந்தது. யாரும் கொடுத்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த வருடம், நம்மாட்கள் எங்கு போனாலும் செய்வதுபோல, எல்லாருக்குமாக றோல்ஸ் பொரித்து ஒரு பெரிய பெட்டியில் கொண்டுபோனாள். நோர்வேக்காரர் அவரவர் பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பெட்டியை வெயிலில் விட்டுப் போக மனமில்லாமல் பக்கத்திலேயே இருந்தாள். "நீ இங்கேதானே இருக்கிறாய்" என்று ஒருத்தி தன் பையை வைத்தாள். பிறகு எல்லாரும் வைத்தார்கள். அடுத்த வருடம் படகுச் சவாரி, அதற்கடுத்தது குதிரை. ஒவ்வொரு முறையும் யோகராணியின் மடியைச் சுற்றிப் பைகள். அவளைச் சுற்றுலாப் படங்களில் தேடினால் பைகளுக்கு நடுவில் ஒரு தலை தெரியும்.

இந்தமுறை வீட்டிலேயே முடிவெடுத்துக்கொண்டு வந்திருந்தாள். சைக்கிள் அவளுக்குத் தெரிந்த வேலை. மலையாவது ஒன்றாவது, இந்தமுறை பை பார்ப்பதில்லை.

(இந்த இடத்தில் இந்திரகுமார் என்றொரு கணவனைக் கொண்டுவந்து, "உனக்கேன் இந்த விசர்வேலை?" என்று கத்தவிட்டேன். வரைவைக் கதை சொன்னவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது சிரித்துவிட்டார். "அந்தாள் பாவம் அண்ணை. ஹெல்மெற்றைக் கட்டு எண்டு மட்டும்தான் சொன்னது." இந்திரகுமாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.)

4

இனி விழுகை.

யாழ்ப்பாணத்துச் சைக்கிளில் இடக்கைப் பிறேக் பின்சில்லைப் பிடிக்கும். போரில் பெற்றோல் இல்லாத காலத்தில் ஊர் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. அப்போது ரியூசனுக்கும் சந்தைக்கும், முன்னால் தங்கச்சியைப் பாரில் ஏற்றிக்கொண்டு பறந்தவள் யோகராணி. அவளுடைய சைக்கிளில் முன்பிறேக் கழன்று போய்க் கனகாலம். நிற்கவேண்டுமானால் இடக்கை, அவ்வளவுதான். நோர்வேக்கு வந்தபின் ரீ-பான் ரயிலும் பஸ்ஸும் போதுமாக இருந்தன, சைக்கிளைத் தொடவேயில்லை.

நோர்வேயில் இடக்கைப் பிறேக் முன்சில்லைப் பிடிக்கும்.

மலையடியில், வாடகைச் சைக்கிளை எடுத்து ஒரு சின்னச் சரிவில் விட்டுப் பார்த்தாள். வேகம் கூடியது. இடக்கை தன்னை அறியாமல் இறுக்கிப் பிடித்தது. முன்சில்லு அப்படியே நின்றது, யோகராணி நிற்கவில்லை. ஹாண்டிலுக்கு மேலால் போய்ப் புல்லிலும் கல்லிலுமாக விழுந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இல்லத்தின் பொறுப்பாளர் பெரித் ஓடிவந்து தூக்கினாள். நல்ல மனுஷி. உடுப்பைத் தட்டிவிட்டு, "பரவாயில்லை யோகராணி, நீ பைகளைப் பார்த்துக்கொள்" என்றாள். அந்த ஆறுதல்தான் விழுந்த அடியைவிட நொந்தது.

யோகராணி போய், சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டி, ஒவ்வொரு பிறேக்காகப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ர கை சரியாத்தான் பிடிச்சது. சைக்கிள்தான் மாறி நிண்டது" என்றாள்.

(அவள் சொன்னது நோர்வேஜிய மொழியில். ஆனால் அவர் நோர்வேஜியம் பேசினாலும் என் காதுக்கு வடமராட்சித் தமிழ்தான் கேட்கிறது. அதனால் இப்படி எழுதுகிறேன்.)

பிறேக்குகளை மாற்றிப் பூட்டித் தரமுடியுமா என்று கேட்டாள். வாடகைக்காரன் அவளுக்குப் பின்னால் காத்துநின்ற வரிசையைக் காட்டினான். யோகராணி தன் கைலேஞ்சியை எடுத்து இடக்கைப் பிறேக்கில் சுற்றிக் கட்டினாள். தொட்டதும் துணி படும், கை விழித்துக்கொள்ளும். பிறகு றோல்ஸ் பெட்டியையும் கைப்பையையும் பெரித்தின் கையில் கொடுத்தாள்.

"ஆளுக்கு ரெண்டு. நான் வரமுன்னம் முடிச்சுப்போடாதேங்கோ."

பெரித் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். யோகராணி நாற்காலியில் ஏறி, காலை ஆட்டிக்கொண்டு மேலே போனாள்.

5

மேலே நிற்கிறாள். கீழே ஒஸ்லோ, அதற்கப்பால் கடல். பச்சை அடையாளப் பலகை நட்ட பாதை, இருப்பதில் இலகுவானது. இலகு என்பது பார்க்கிறவரைப் பொறுத்தது.

முடிவு அ: முதல் வளைவில் இடக்கை மறுபடியும் –

(முழங்கைப் பிளாஸ்டருக்கு இது பொருந்தும். ஆனால் அது முதல் விழுகைக்கும் பொருந்தும். எந்த விழுகைக்கு உரியது என்று நான் கேட்கவில்லை.)

முடிவு ஆ: கூக்குரலோடு பறந்து வந்து எல்லாரும் கைதட்ட –

(கைதட்டல் வேண்டாம். நோர்வேக்காரர் அவ்வளவு தட்டமாட்டார்கள்.)

முடிவு இ: சைக்கிளை உருட்டிக்கொண்டு, வழியில் புளூபெரி பறித்துத் தின்றபடி, ஆறுதலாக –

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நடந்ததா தெரியாது. எப்படித்தான் இறங்கினீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

"கீழ இருந்து பாத்த ஆள் மாதிரிக் கேக்கிறியள் அண்ணை. வாற சனி நான் போறன். வாங்கோ, மேல வைச்சுச் சொல்லுறன்."

ஹெல்மெற் இல்லை, முதுகு சரியில்லை என்று ஏதேதோ சொல்லித் தப்பித்தேன். சனிக்கிழமை நெருங்குகிறது.

6

ஆகவே அவளை எப்படி இறக்குவது என்பது உங்கள் பாடு. விழுத்துங்கள், பறக்கவிடுங்கள், புளூபெரி தின்னவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். கீழே, புல்லில், பைகளுக்கு நடுவில் பெரித் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் றோல்ஸ் பெட்டி, அதற்குமேல் யோகராணியின் கைப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.