மைல்கல் இல்லாத றோட்டு

சுந்தரலிங்கத்துக்குச் சைக்கிள் ஓடத் தெரியும், ஏறத் தெரியாது.

போகம்பரை மைதானத்தில் ஒரு மாதம் பழகியும் அந்த ஒன்று மட்டும் கைகூடவில்லை. சைக்கிள் கடை ஜவாஹிர் பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டால் நேராகப் போவான், வளைவான், பிரேக் பிடித்து இறங்குவான். தானாக ஏறப் போனால் சைக்கிள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகக் கிடப்பார்கள். கடைசியில் ஜவாஹிரே ஒரு வழி கண்டுபிடித்தான். பாதையோரத்து மைல்கல்லில் ஒரு காலை ஊன்றியபடி சீட்டில் உட்கார்ந்து, கல்லை உதைத்துக்கொண்டு புறப்படுவது.

"நடுவுல எறங்கினா அடுத்த கல்லு வரைக்கும் தள்ளிக்கொண்டு போற தான் மாஸ்டர்," என்றான் ஜவாஹிர்.

"சரி."

"என்னத்துக்கு இந்தப் பாடு? புசல்லாவைக்கு பஸ் இரிக்கே."

"பஸ் தோட்டத்துக் கேட்டுக்கு உள்ளே போகாது."

ஜவாஹிர் திருகிக்கொண்டிருந்த ஆணியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

சுந்தரலிங்கத்தின் மனைவி ராக்கம்மா பிறந்த தோட்டம் புசல்லாவைக்கு மேலே இருந்தது. கேட்டிலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களுக்குப் போகிற றோட்டு துரை பங்களாவின் வாசலை ஒட்டியே போகும். அந்த றோட்டில் சக்கரத்திலோ குதிரையிலோ போகிற உரிமை துரைக்கு மட்டும். மற்றவர்கள் கேட்டில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குடையை மடக்கிக்கொண்டு, நடக்க வேண்டும். படித்தவன், படிக்காதவன், விருந்தாளி என்ற வித்தியாசம் கிடையாது.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போனபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டியதும் எல்லோரையும்போல அவனும் குடையை மடக்கினான்.

"ஏன் மடக்கிட்டீங்க?" என்று கேட்டாள் ராக்கம்மா.

"மழை விட்டிருச்சு."

அவள் வானத்தைப் பார்த்தாள். நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்தாள். சிரித்தாள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் லயத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. சுந்தரலிங்கம் அழவில்லை, அழுகை வரவில்லை. கண்டிக்குத் திரும்பினான். வகுப்பில் பாடம் சொன்னான், சாப்பிட்டான், படுத்தான். வருடம் ஓடிவிட்டது. இப்போது தலைத் திவசம். பங்களா வாசலைச் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கடந்துதான் அவளுடைய திவசத்துக்குப் போவது என்று முடிவு செய்திருந்தான்.

பேராதனைப் பாலம்வரை ஒரு வில்லங்கமும் இல்லை. கெலிஓயாவில் வேட்டி சங்கிலிக்குள் போனது. சைக்கிள் நின்றது, அவன் நிற்கவில்லை. கிழிந்த வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தள்ளினான். கம்பளைக்கு இறங்குகிற சரிவில் தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே வந்தது. மணி அடிப்பதா, பிரேக் பிடிப்பதா என்று தீர்மானிப்பதற்குள் வயலுக்குள் கிடந்தான். களை பிடுங்கிக்கொண்டிருந்த சிங்களக்காரர் வந்து முதலில் சைக்கிளைத் தூக்கினார், பிறகு அவனைத் தூக்கினார். இரண்டையும் சேற்றுக் கையாலேயே தட்டிவிட்டு, "பொஹொம பவ், மாத்தயா," என்றார். பாவம் என்று அவர் சொன்னது தன்னையா சைக்கிளையா என்று சுந்தரலிங்கத்துக்கு விளங்கவில்லை.

கம்பளைக்கு அப்பால் ஏற்றம். தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. சீட்டு, உட்காருவதற்கென்று செய்த சாமானாகத் தோன்றவில்லை. பின்சக்கரத்தில் காற்றுப் போனது. றோட்டோரத்துக் கானில் ஓடிய தண்ணீரில் டியூபை முக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டான். போட்டு முடித்து எழும்பியபோது கணுக்காலில் அட்டைகள் கொழுத்துத் தொங்கின. ஒரு கல்லில் ஏறி, மூச்சு முட்டி இறங்கி, அடுத்த கல்வரை தள்ளி, அதில் ஏறி, மறுபடி இறங்கினான். இப்படியே மலை நகர்ந்தது.

ஓரிடத்தில் மைல்கல்லின்மேல் கொழுந்துக் கூடைகளைச் சாத்திவிட்டு இரண்டு பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கல்லுக் கொஞ்சம் வேணும்," என்றான்.

"கல்லா?" என்றாள் மூத்தவள். "எடுத்துட்டுப் போகவா?"

"ஏற."

"ஏன் ஐயா, இவ்வளவு தூரம் நீங்கதான சைக்கிளக் கூட்டிட்டு வாறீங்க. அதுக்குக் கால் வலிக்குதோ?"

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு கூடையை நகர்த்தினாள். அவன் ஏறினான். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. இறங்கித் தள்ளவேண்டிய வளைவுதான். அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

பொழுது சாயும் நேரத்தில் புசல்லாவைக் கடைத்தெருவில் ஜவாஹிரின் மச்சான் ஹபீலின் கடையைக் கண்டுபிடித்தான்.

"வாங்க மாஸ்டர். ஜவாஹிர் சொல்லி அனுப்பினான். கதிரை போடவா?"

"வேண்டாம். நிற்கிறேன்."

ஹபீலுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணியைக் கையில் கொடுத்தார். சுந்தரலிங்கம் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னான். அவர் தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க செய்யப் போறது செய்ய வேண்டியது தான்," என்றார் கடைசியில். "நீங்க செஞ்சிட்டுக் கண்டிக்குப் போயிருவீங்க. சின்னமுத்துக் கங்காணி அங்கதானே இரிக்கோணும்? பற்றுச்சீட்டக் கையில குடுத்து வெளிய போ எண்டா, அந்த மனிசன் எந்தத் தோட்டத்துக்குப் போற? அடிக்கிறது ஒரு ஆள். வீங்குற முதுகு வேற ஆள்ட."

சின்னமுத்து அவனுடைய மாமனார். கேட்டுக்கும் பங்களாவுக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த ஒரு மாதமாக மனசுக்குள் எத்தனையோ தடவை மிதித்திருந்தான். அதில் ஓரிடத்திலும் மாமனார் நிற்கவில்லை.

அன்று தூக்கம் வரவில்லை. சீட்டுப் புண்ணா, ஹபீலின் பேச்சா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் விடிந்ததும் சைக்கிளைத்தான் எடுத்தான்.

தோட்டத்து றோட்டு பிரிகிற முனையில் கடைசி மைல்கல் நின்றது. அதற்கு மேல் கல் கிடையாது. இரு பக்கமும் கானும் தேயிலையும்தான். இடையில் இறங்கினால் பிறகு லயம்வரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அப்படிப் போனால் எல்லோரையும்போல நடந்து போனதுதான்.

கல்லை உதைத்தான்.

கேட்டில் மாமனார் சின்னமுத்துவும் மாமியார் மூக்காயியும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். தலைத்துண்டு மாமனாரின் கக்கத்தில் இருந்தது. மடக்கிய குடை மாமியாரின் கையில் இருந்தது. கேட்டுக் காவல்காரன் பீடியை எறிந்துவிட்டு எழும்பினான். சுந்தரலிங்கம் நிற்காமல் உள்ளே போனான்.

"மாப்பிள்ளை," சின்னமுத்து கூடவே ஓடிவந்தார். ஓடவும் தேவையில்லை, அந்த ஏற்றத்தில் நடந்தாலே போதும். "மாப்பிள்ளை, எறங்குங்க. தொரை வராந்தாவுல இருக்காரு."

"இருக்கட்டும் மாமா."

"ஒங்களுக்குத் தெரியாததா? எனக்கு வேலை போயிரும்."

"தெரியும். ராத்திரி முழுக்க அதத்தான் நெனச்சேன்."

"நெனச்சுமா வாறீங்க?"

"நெனச்சும் வாறேன்."

அதற்கு மேல் பேச மூச்சில்லை. முன்சக்கரம் இடமும் வலமும் ஆடியது. பங்களாவின் வெள்ளைத் தூண்கள் தெரிந்தன. காவல்காரன் ஓடிவந்து பின்னாலிருந்த கேரியரைப் பிடித்து இழுத்தான். சைக்கிள் சாய்ந்தது. முழங்கையும் முழங்காலும் சரளையில் உராய, சுந்தரலிங்கம் நடு றோட்டில் விழுந்தான்.

வராந்தாவில் துரை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றார்.

"பாதி வழி வந்தாச்சில்ல மாஸ்டர்," காவல்காரன் தணிந்த குரலில் சொன்னான். "அது போதும். தள்ளிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்லல."

சுந்தரலிங்கம் சைக்கிளை நிமிர்த்தினான். சுற்றுமுற்றும் பார்த்தான். கல் இல்லை, கட்டை இல்லை. ஒரு காலை மிதியில் வைத்து எம்பினான். விழுந்தான். மறுபடி எம்பினான். மறுபடி விழுந்தான். வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். அவன் மண்ணைத் தட்டாமலே மூன்றாம் முறையும் சைக்கிளை நிமிர்த்தினான்.

மூக்காயி வந்து கைப்பிடியைப் பற்றினாள். மருமகன் முன்னால் நின்று பேசியறியாதவள். முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆட்டாம புடிச்சுக்கிறேன். ஏறச் சொல்லுங்க."

"ஏ, கிறுக்கச்சி," என்றார் சின்னமுத்து. "நாளைக்குச் சீட்டுக் குடுத்தா?"

"குடுத்தா வாங்கிட்டுப் போவோம். புள்ளையக் கொண்டுபோயி அந்த மேட்டுல வச்சாச்சு. இனி இவன் நம்மகிட்ட என்னத்தப் புடுங்குவான்?"

சின்னமுத்து பங்களாவைப் பார்த்தார். மகளைப் புதைத்த மேட்டைப் பார்த்தார். கக்கத்திலிருந்த துண்டை எடுத்து உதறினார். அதைத் தலையில் சுற்றிக் கட்டினார். நிதானமாக, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போலக் கட்டினார். பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, மறு தொடையைத் தட்டினார்.

"காலை வைங்க."

"மாமா, நீங்க போய்..."

"கல்லுன்னு நெனச்சுக்கங்க."

"ஏய்!" துரையின் குரல் வந்தது. "யார் அது ஆள்? நீ எறங்கு!"

சுந்தரலிங்கம் மாமனாரின் தொடையில் காலை வைத்தான். அந்தத் தொடை அசையவில்லை. சீட்டில் உட்கார்ந்தான், உதைத்தான். மூக்காயி கையை விட்டாள். காவல்காரன் கேரியருக்கு நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, தலைப்பாகையோடு எழும்புகிற கங்காணியையே பார்த்தபடி நின்றான்.

பங்களா வாசல் வந்தது. படியில் நின்ற துரையின் சிவந்த முகம் வந்தது. சுந்தரலிங்கம் இறங்கவில்லை. மணியை அடித்தான். ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை, ஆனாலும் அடித்தான். வாசல் பின்னால் போனது.

சாரல் தொடங்கியது. முகத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையை எடுக்க அவன் இன்னும் பழகவில்லை; வழியட்டும் என்று விட்டான். அதில் எல்லாமே மழை இல்லை.

பின்னால், பங்களா வாசலுக்கு நேராக, குடை ஒன்று பட்டென்று விரிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவும் அவன் பழகவில்லை. மிதித்தான்.