பதினான்கு சுண்ணாம்புப் புள்ளிகள்

1

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடத்துக் கிறிஸ்து பிறப்பை நான் ஒருவனே, ஒற்றைக் கட்டைவிரலால், பதினெட்டு நாள் நிறுத்தி வைத்தேன். ஜப்பான்காரனால்கூட அது முடியவில்லை. அவன் ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளினான், அவ்வளவுதான். நான் பின்னால் தள்ளினேன். அதுவும் தேவமகனை.

நம்ப வேண்டாம். என் மனைவி ஞானப்பூவே நம்புவதில்லை. அவள் அப்போது அதே ரப்பர் தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவள்.

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். செரம்பான் பக்கத்து ராசாவில் எங்கள் கோயில் மலருக்கு, கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தையும் அன்றாட விசுவாசத்தையும் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் பத்திரிகையில் தண்ணீர்க் குழாய் உடைந்த செய்தியையே எழுதி ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் இப்படித்தான் ஒழுகும்.

2

முதல் முயற்சி: "பனி மூடிய ரப்பர் காட்டினூடே, கையில் விளக்கேந்தி, சவரியம்மா..."

ஞானப்பூ என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். சவரியம்மா அவளுடைய அக்கா.

"எங்கக்கா கையில ஏதுங்க விளக்கு? மண்ணெண்ணெயக் கண்ணால பார்த்தோமா? மரத்துல காஞ்ச ஒட்டுப்பாலக் கொளுத்திக்கிட்டுல்ல வேலைக்குப் போச்சு. மூக்கெல்லாம் கரி."

இரண்டாம் முயற்சி: "மூக்கெல்லாம் கரியோடு சவரியம்மா..."

(இது தேவலை. ஆனாலும் கதை அவளிடம் தொடங்கவில்லை. ஒரு மரத்தில் தொடங்குகிறது.)

3

மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் தோட்டம். பாதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டிருந்தார்கள். மீதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால்வெட்டு. கோயில் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட தகரக் கொட்டகையை ஒட்டி ஒரு பால்மரம் நின்றது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி, ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் அந்த மரத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைப்போம். பதினாலு புள்ளி சேர்ந்தால் மறுநாள் பாலன் பிறப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்காக, எங்களுக்குச் செபம் சொல்லித்தரும் உபதேசியார் மிக்கேல் ஏற்படுத்திய வழக்கம் அது.

மழை பெய்தால் வெட்டு கிடையாது. நனைந்த பட்டையில் பால் கண்டபடி வழிந்து வீணாகும். அந்த நாள்களில் உபதேசியார் நாள்காட்டியைப் பார்த்து, தானே வந்து புள்ளியை வைத்துவிட்டுப் போவார். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே லாரியில் சவரியம்மாவின் கணவன் சூசையும் போனான். மரத்தில் புள்ளி வைக்கும் வேலை சவரியம்மாவிடம் வந்தது. மழை நாள்களுக்கும் புள்ளி உண்டு என்பது தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவள் வெட்டிய நாளுக்கு மட்டும் வைத்தாள்.

எனக்குச் சரியான தேதி தெரியும். பால் நிறுக்கும் ஸ்டோரில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். நாள்காட்டி என் மேசையில் இருந்தது.*

* அதில் வருடம் 2603 என்று போட்டிருந்தது. ஜப்பான்காரன் கணக்கு. இயேசுவுக்கு ஒரே இரவில் அறுநூற்று அறுபது வயது கூடியிருந்தது.

4

லாரியில் ஏறும்போது சூசை சொன்னது ஒன்றுதான். "கிறிஸ்மஸுக்கு வந்துருவேன், சவரி."

அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் பால் வாளியைத் தராசில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்பேன், தம்பி. வரலன்னா அடுத்த லாரியில நானே ஏறிப் போயிருவேன்."

"போயி?"

"தேடுவேன்."

"சயாம் என்ன செரம்பான் பாசாராக்கா, ஒரு சுத்து சுத்தித் தேடறதுக்கு? போனவங்கள்ல ஒரு ஆளாவது திரும்பி வந்துச்சா?"

"ஒனக்குத் தராசு முள்ளு தெரியும்லா. அத மட்டும் பாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. துணியை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். ஞானப்பூ அதை மூன்று முறை அவிழ்த்துப் போட்டாள். நான்காம் முறையும் அக்கா கட்டினாள்.

உண்மையான கிறிஸ்துமஸ் அன்று மரத்தில் ஒன்பதே புள்ளிகள். மழை ஐந்து வெட்டைத் தின்றிருந்தது. தோட்டத்தில் யாரும் பாடவில்லை. நாள் தெரிந்த ஒருவன், நான், வாயைத் திறக்கவில்லை. அடுத்த லாரி ஜனவரி ஆறாம் தேதி என்று ஆபீசில் என் காதில் விழுந்திருந்தது. மீதி ஐந்து புள்ளிக்குப் பத்து நாள். அவளுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி நாலில் விழும். சூசை வரமாட்டான். ஆறாம் தேதி அவள் ஏறிவிடுவாள்.

அதனால் ஒருநாள் பிற்பகல், எல்லாரும் மரவள்ளிக் காட்டில் இருந்தபோது, கட்டைவிரலை எச்சிலில் நனைத்து ஒரு புள்ளியை அழித்தேன். பிறகு ஒருநாள் இன்னொன்று. இன்னொரு நாள் மூன்றாவது.

5

[இங்கே தியானம் வர வேண்டும். மலர்க்காரர்கள் கேட்டது இதைத்தான்.]

நற்செய்தியில் ஒரு பொல்லாத ஊழியன் வருகிறான். எஜமான் வர இன்னும் நாளாகும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தப்புத்தண்டா செய்கிறவன். பூசையில் அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் சாமியார் என்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றும். நானாவது அவனைவிடத் தேவலையா என்றால், இல்லை. அவன் எஜமான் தாமதிப்பதாக நினைத்தான். நான் தாமதிக்க வைத்தேன். அந்த நாளை எவரும் அறியார் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஒருவன் அறிந்திருந்தான். அறிந்தவன் படும் பாட்டைப் பற்றி வேதத்தில் ஒரு வரியும் இல்லை. தேடிவிட்டேன்.

"ஒங்க விரலுக்கு அவ்வளவு மவுசெல்லாம் இல்ல" என்றாள் ஞானப்பூ. அவள் இதை ஐம்பது வருடமாகச் சொல்கிறாள். "எல்லாம் மழை பண்ண வேல. கணக்கப் போட்டுப் பாருங்க. மழை பத்து நாளு. நீங்க மூணு புள்ளி அழிச்சீங்கன்னே வைங்க, ஆறு நாளு. பதினாறுதானே வருது? பதினெட்டுன்னு எங்கேருந்து வந்துச்சு?"

ஆனால் நாங்கள் பாலன் பிறப்பைக் கொண்டாடியது ஜனவரி பன்னிரண்டில். அது பதினெட்டு நாள். அந்த இரண்டு நாள் எனக்கும் இடிக்கிறது. பொய்யன் கணக்கில் இரண்டு நாள் கூடினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அவள் நம்பாதவரை எனக்கும் ஒரு வசதி இருந்தது.

6

ஆறாம் தேதி லாரி வந்தது. எங்கள் தோட்டத்து முனியாண்டியும் இன்னும் சிலரும் ஏற்றப்பட்டார்கள். சவரியம்மா மூட்டையோடு மரத்தடிக்கு வந்து புள்ளிகளை விரல்விட்டு எண்ணினாள். "இன்னும் கிறிஸ்மஸ் வரல" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

(இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம். பதினாலு வரை எண்ணத் தெரிந்தவள். தான் வைத்த புள்ளி குறைந்தது தெரியாதா? மழை கரைத்தது என்று நினைத்தாளா? நினைக்க விரும்பினாளா? எழுதுகிறவனுக்கே தெரியவில்லை.)

பன்னிரண்டாம் தேதி மரவள்ளிக் கிழங்கைத் துருவி அவித்து, பாலனுக்குத் தாலாட்டுப் பாடினோம். அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சூசை வரவில்லை. அவளை ஏற்றிப்போக மறு லாரியும் வரவில்லை.

7

முடிவுகள்.

அ. சவரியம்மா லாரியில் ஏறினாள். சூசையைக் கண்டுபிடித்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு (அழித்துவிட்டேன். எச்சில் தொடாமலே அழிகிறது.)

ஆ. சவரியம்மா லாரியில் ஏறினாள். அங்கே இருவரும் செத்தார்கள். அவளைத் தடுக்க நான் புள்ளி அழித்ததே சரி என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இ. யுத்தம் முடிந்து முனியாண்டி ஒருவன் மட்டும் எலும்பாகத் திரும்பி வந்தான். லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்னான். "நாங்க போயிச் சேர்ந்தப்ப சூசையண்ணன் உசுரோடதான்க்கா இருந்தாரு. காலு புண்ணு. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு. மாசியில போயிட்டாரு."

"நீ போனது ஜனவரி லாரியா?"

"ஆமாக்கா."

சவரியம்மா உள்ளே போய் அவனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பிற்பாடு எங்களோடு ராசாவில் இருந்துதான் கண்ணை மூடினாள். புள்ளியைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. வீட்டு நாள்காட்டியில் தாளை மட்டும் அவளேதான் கிழிப்பாள். எங்கள் இருவரையும் தொட விட்டதில்லை.

8

இ-யை மலருக்குக் கொடுக்க முடியாது. அ பொய். ஆ என் ஆசை. மூன்றையும் வைத்துவிட்டேன், வேண்டியதை வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். முதல் பத்தியை மட்டும் திருத்த நினைத்து, பதினெட்டை அடித்துப் பதினாறு என்று எழுதினேன். சாகப்போகிற வயதில் கணக்காவது நேராக இருக்கட்டும்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஞானப்பூ எட்டிப் பார்த்தாள்.

"அத அடிக்காதீங்க."

"நீதானே பதினாறுன்னு சொல்லுவ?"

அவள் கீரைக் காம்புகளை ஓரமாக ஒதுக்கினாள்.

"நீங்க அழிச்சது மூணுதான். கொட்டகை மறைவுல நின்னு மூணு தடவையும் பார்த்தேன்."

"அப்ப நடந்துச்சுங்கறியா?"

"நடந்துச்சு" என்றாள். "நாலாவத நாந்தான் அழிச்சேன்."